சிவப்பு டேப் ஒட்டிய போன்

"ஒரு நல்ல போனா வாங்கிக்கக் கூடாதா அங்கிள்?" என்று என்னைக் கேட்காத ஆள் குறைவு. அலுவலகத்தில் கேட்கிறார்கள். செந்தூலில் எனக்கு முடிவெட்டுகிறவர் மாதம் ஒருமுறை கேட்கிறார். முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்டவரைப் பிடித்து உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன். இப்போது "வாங்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். விளக்கம் சொல்ல வாய் வருவதில்லை.

விஷயம் இதுதான். போனைச் செய்த நிறுவனம் இரண்டு மூன்று வருடத்தில் அதைக் கைகழுவிவிடும். போனுக்கு ஒரு கேடும் வந்திருக்காது. ஆனாலும் இனி அது பழசு என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். எங்களைப் போன்ற கிறுக்கர்கள் அந்தப் போனை எடுத்து, உள்ளே இருப்பதை மொத்தமாகத் துடைத்துவிட்டு, கணினியில் ஓடுகிற லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அதில் ஏற்றுவோம். அது யாருக்கும் சொந்தமில்லாதது, யாரும் நம்மை வேவு பார்க்க முடியாது என்பதில் எங்களுக்கு ஏகப் பெருமை. ஏற்றிய பிறகு பாதி வேலை செய்யாது என்பதை மட்டும் மெல்லச் சொல்வோம். கேமரா திறக்காது. வாட்சாப் வராது. வங்கிச் செயலி நம்மைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கும். சில நாள் போன் அடிப்பதே நமக்குத் தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாக நாங்களே சரிசெய்ய வேண்டும். எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் பெண் ஒருவர் திரையைச் சரிசெய்தார். இன்னொரு நாட்டில் ஒருவர் பேட்டரி சம்பந்தப்பட்டதைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் வைத்திருந்த அந்தப் பழைய ரக போனில் பேச்சொலியைச் சரிசெய்தவன் கிள்ளான்காரன், என் நண்பன்.

அவன் கணினி படித்தவன் இல்லை. கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி கட்டுவது அவன் தொழில். கிள்ளானில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தபோது, மணமேடைக்குப் பக்கத்தில் ஒலிக்கருவிகளுக்கு நடுவே அவன் மடிக்கணினியில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. அவனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். நான் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவன். எனக்கு மூளையில் இருந்தது அவனுக்குக் காதில் இருந்தது. ஒரு மைக் அரை மயிரிழை கரகரத்தாலும் அவன் முகம் சுருங்கிவிடும்.

செலாயாங்கிலிருந்து ஒரு மலாய் நண்பன் எங்களோடு சேர்ந்துகொண்டான். அவன் மென்பொருள் எழுதுகிறவன். மூவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் கடைசி மேசையில் கூடுவோம். பசியாறிவிட்டு, இலையைத் தள்ளி வைத்துவிட்டு, போன்களைக் கழற்றிப் போடுவோம். மூவரும் வாங்கியது ஒரே ரகம், ஒரே கறுப்பு. ஒருவன் கண்டுபிடிப்பது மற்ற இருவருக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்காக. ஒவ்வொருவனிடமும் இரண்டிரண்டு இருந்தன. ஒன்று அன்றாடம் பேசுவதற்கு, மற்றது சோதனைக்கு. சோதனைப் போனை எந்த நேரமும் அழிப்போம், மறுபடி ஏற்றுவோம். குழப்பம் வராமலிருக்கச் சோதனைப் போனின் முதுகு மூடியில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். சிவப்பு என்றால் அழிக்கலாம். டேப் இல்லையென்றால் தொடக்கூடாது. அந்த ஏற்பாட்டைச் சொன்னவன் நான்தான்.

ஒலியைச் சரிசெய்யக் கிள்ளான் நண்பனுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. நாம் பேசுவது எதிர்முனைக்குப் போகாது, போனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும், அல்லது திடீரென்று பெண் குரலாக மாறும். அவன் ஓர் எண்ணை மாற்றுவான், உடனே தன் குரலைப் பதிந்து கேட்பான். மறுபடி மாற்றுவான், மறுபடி பதிவான். பதிவது எப்போதும் அவன் வீட்டுச் சமையலறையில்தான்.

"அங்கதான் மச்சான் எல்லாச் சத்தமும் இருக்கு," என்பான். "எண்ணெய்ச் சத்தம், ஃபேன் சத்தம், அவ சத்தம். இத்தனைக்கும் நடுவுல என் குரல் தெளிவா வரணும்லா. வந்தா எங்க வேணாலும் வரும்."

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தொடங்குவான். அதன்பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பான். நாள்காட்டியில் அன்றைய ராசிபலன், கோயில் அறிவிப்பு, அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பது. மனைவி என்ன சமைக்கிறாள் என்று கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்வான். "இப்போது வெங்காயம் உள்ளே போகிறது. அம்மையார் முறைக்கிறார்." அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான், எல்லாம் பதிவாகும். நூற்றுக்கணக்கில் அப்படிப் பதிந்து, எதையும் அழிக்காமல் தன் அன்றாடப் போனில் தேதி போட்டு வைத்திருந்தான். அவனுக்கு அவை வெறும் சோதனை.

முதன்முறையாக இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்ட நாளில் நான் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவன் கிள்ளானில் அதே சமையலறையில் இருந்தான். "கேக்குதா மச்சான்?" என்றான். கேட்டது. பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. எண்ணெய் பொரிவது தனியாகக் கேட்டது. நான் நடுத்தெருவில் "கேக்குது, கேக்குது" என்று கத்தினேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். போனில் பேச்சு கேட்டதற்கு இப்படிக் குதிக்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நான் அவனுக்குச் செய்த ஒரே உதவி பூட்டு. போன் முழுவதையும் மறையெழுத்தாக்கிப் பூட்டச் சொன்னேன். கடவுச்சொல் இல்லாமல் உலகத்தில் எவனாலும் திறக்க முடியாது, கடவுச்சொல் ஒரே சொல்லாக இருக்கக்கூடாது, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களாக இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசினேன். அவன் சமையலறையில் நின்றபடியே ஐந்து சொற்களைப் பிடித்துவிட்டான். பிடித்ததோடு நில்லாமல் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்து, வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தான். கடவுச்சொல்லை அடுத்தவருக்குச் சொல்லலாமா என்று நான் சத்தம் போட்டேன்.

"அவ அடுத்தவளா?" என்றான். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ தொறக்க வேணாமா?"

அந்தப் பேச்சை நான் சிரித்துத் தள்ளினேன். பூட்டைப் பற்றி அவ்வளவு பேசிய நான், உள்ளிருப்பதை வேறு எதிலாவது ஒரு பிரதி எடுத்து வை என்று ஒருநாளும் சொல்லவில்லை. என்னை நானே உதைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிற நாள்களில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஒரு கல்யாண மண்டபத்தில், பிற்பகல் விருந்துக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பதுகூட ஆகவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஒன்றும் பயனில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் மனைவி நடைபாதை நாற்காலியில் அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "அண்ணே, பசியாறாமப் போனாரு அண்ணே" என்று மட்டும் சொன்னாள். நான் அழுதேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை எனக்கு இருந்ததே அவனால்தான்.

கருமாதி முடிந்த மறுவாரம் அவள் என்னை வரச் சொன்னாள். ஒரு கைத்துண்டில் சுற்றி அவன் அன்றாடம் பேசிய போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பேட்டரி உப்பி, முதுகு மூடி தூக்கிக்கொண்டிருந்தது.

"உயிர் வர மாட்டேங்குது அண்ணே. உங்களுக்குத்தான் தெரியும் இதோட வைத்தியம்."

"என்ன வேணும்மா உனக்கு? படமா?"

"கேமராதான் வேலை செய்யாதே, படம் எங்க இருக்கு? அவரு குரல் அண்ணே. எல்லார் வீட்டிலயும் போனவங்க குரல் வாட்சாப்ல இருக்கு. எங்க அண்ணி, அவங்க அப்பா பேசுனத இன்னும் போட்டுக் கேக்குறாங்க. இவருக்குத்தான் வாட்சாப்பே இல்லையே. குடும்பத்து குரூப்ல இவரு ஒருத்தரு மட்டும்தான் இல்ல. எனக்கு ஒரு ஹலோ கூட இல்ல அண்ணே. சமையக்கட்டுல நின்னு பேசிப் பேசிப் பதிஞ்சாரே, அது மட்டும்தான் இருக்கு. அத எடுத்துக் குடுத்திடுங்க."

பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "புளி, லோரி, கம்பளி, மணி, வாளி. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம."

நான் எழுதிக்கொண்டேன். கண்டிப்பாக எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எளிதான வேலை என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் என் வீட்டு மேசையில் அவன் போனையும் என் சோதனைப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உப்பிய பேட்டரியைக் கழற்றினேன். என் சோதனைப் போனைத் திறந்து, அதிலிருந்த நல்ல பேட்டரியை எடுத்து அவன் போனில் போட்டேன். திரை ஒளிர்ந்தது. கடவுச்சொல் கேட்டது. ஐந்து சொற்களையும் தட்டினேன். பூட்டு உடனே திறந்தது. ஆனால் அதற்கு மேல் நகரவில்லை. கடைசியாக அவன் செய்துகொண்டிருந்த ஏதோ ஒலி மாற்றம் பாதியில் நின்றிருந்தது. போன் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய கோளாறு இல்லை. உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது. வெளியிலிருந்து ஒரு சிறிய லினக்ஸைக் கொடுத்து எழுப்பினால், பதிவுகளை அப்படியே கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

அந்த வேலையை நான் அதற்கு முன் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. அதனால் எச்சரிக்கையாக இருக்க விரும்பினேன். முதலில் என் சோதனைப் போனைச் சுத்தமாக அழித்து, அவனுடையதில் இருந்த அதே பதிப்பை அதில் ஏற்றி, அதில் ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு அவனுடையதைத் தொடலாம் என்று திட்டமிட்டேன். இழுப்பறையில் கிடந்த இன்னொரு பேட்டரியை என் போனில் போட்டேன். இரண்டு போன்களின் முதுகு மூடிகளும் மேசையில் கிடந்தன. எடுத்து மூடினேன். மனைவி தேநீர் குடிக்கக் கூப்பிட்டாள். மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சிவப்பு டேப் ஒட்டியிருந்த போனைக் கணினியில் சொருகி, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நூறு தடவை கொடுத்த கட்டளை. விரல்களுக்கே மனப்பாடம். பழையதைத் துடைத்துப் புதியதை ஏற்றி முடித்துவிட்டு, உங்கள் மொழி எது என்று போன் கேட்டது. நான் மற்றதை எடுத்து இயக்கினேன். அதில் என்னுடைய மஞ்சள் நிறப் பின்திரை வந்தது.

அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிவப்பு டேப் போனில் ஒட்டியிருக்கவில்லை. மூடியில் ஒட்டியிருந்தது. மூடி இரண்டு போன்களுக்கும் பொருந்தும், ஒரே ரகம் அல்லவா. நான் மூடியை மாற்றிப் போட்டிருக்கிறேன். அப்புறம் என் டேப்பை நானே நம்பியிருக்கிறேன்.

சாதாரண போனாக இருந்தால் அழித்ததில் கொஞ்சமாவது மீட்கலாம். நாங்கள் பூட்டிய போனில் அது நடக்காது. உள்ளிருக்கும் சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். அப்படி அழிய வேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பூட்டு. இருந்தாலும் அன்று முழுக்க, அதற்கடுத்த நான்கு நாள்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். தெரியாததையும் செய்து பார்த்தேன். ஓர் எழுத்துகூட மீளவில்லை.

செலாயாங் நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மலாயில், "நீ அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல். தனியாகப் போக முடியாவிட்டால் நானும் வருகிறேன்" என்றான். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். உள்ளதைச் சொல்லத்தான் போனேன். கிள்ளான் வரைக்கும் கொமுட்டர் ரயிலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலிலேயே காத்திருந்தாள். "கெடச்சுதா அண்ணே?" என்றாள். அந்த முகத்தை நான் என்ன சொல்லி விளக்க? சந்தோஷப்படுவதற்குத் தயாராக வைத்திருந்த முகம். கையில் புதிதாக ஒரு காதொலிக்கருவி, பெட்டிகூடப் பிரிக்காமல். அதில் கேட்பதற்காக வாங்கியிருக்கிறாள். சொல்லி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"பூட்டு தொறக்கல மா," என்றேன். "அந்த அஞ்சு சொல்லும் பொருந்தல. மாத்தியிருக்கான் போல. நாலு நாள் லீவு போட்டுப் பாத்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. போன் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லியிருக்கலாம். பேட்டரி பொங்கி எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என் வாயில் பூட்டுதான் வந்தது. அவ்வளவு காலம் நான் பேசிப் பேசிப் பழகியது அதுதானே.

அவள் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். "நீங்க என்ன அண்ணே பண்ணுவீங்க. நாலு நாள் லீவு போட்டு உக்காந்திருக்கீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அந்தக் காபியைக் குடித்தேன். குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் போவதை நிறுத்திவிட்டேன். அவன் இறந்த செய்தியை எங்கள் உலகளாவிய இணையக் குழுவில் செலாயாங் நண்பன் எழுதினான். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ இரங்கல் எழுதினார்கள். "அவர் பதிவுகளில் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியாது, ஆனால் ஒண்ணு ரெண்டு மூணு என்று நானும் எண்ணக் கற்றுக்கொண்டேன்" என்று குளிர்நாட்டுப் பெண் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. கோளாறு வந்த பதிவுகளை அவன் உதவி கேட்டு அந்தக் குழுவுக்கு அனுப்புவான். அவை அங்கே இருக்கும்.

இருந்தன. தேடித் தேடிப் பதினோரு பதிவுகள் எடுத்தேன். எல்லாம் கோளாறானவை. நன்றாக வந்ததை அனுப்ப அவனுக்கு என்ன அவசியம்? ஒன்றில் அவன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. ஒன்றில் தகரத்தைத் தேய்ப்பது போல வந்தது. கொஞ்சம் கேட்கும்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. என்னால் முடிந்தவரை சத்தத்தைக் குறைத்து, துடைத்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடி கிள்ளானுக்குப் போனேன். அவன் போய் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது, நான் பொய் சொல்லி இரண்டு மாதம். இதைக் கொடுத்துவிட்டால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டேன்.

அவள் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். கூடத்தில் அவன் படம் இருந்தது, மாலை இல்லை. கீழே விளக்கு துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் விவரத்தைச் சொல்லிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கரகரவென்ற இரைச்சலில், இழுபட்டுப்போன ஒரு குரல் ஒண்ணு, ரெண்டு என்றது. அதன் பின்னால் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "எத்தன தடவ சொல்றது, அந்தப் போனத் தூக்கிப் போட்டுட்டு வந்து சாப்பிடுங்க."

"என் குரல்தான் நல்லா கேக்குது," என்றாள். "இது அவரு இல்ல அண்ணே. நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும். அவருக்கு வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"என்னம்மா பேசுற?"

"பின்ன எதுக்கு மாத்துனாரு?" அவள் குரல் உயரவில்லை. பலநாள் யோசித்து முடித்தவள் பேசுவது போலப் பேசினாள். "மொதல்ல நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு நெனச்சேன். டெய்லி சொல்லிப் பாத்தேன். குளிக்கும்போது, படுக்கும்போது. புளிக்கு அப்புறம் லோரியா, கம்பளியான்னு பைத்தியம் மாதிரி மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தேன். இல்ல, நான் சொன்னது சரிதான். அப்ப அவருதான் மாத்தியிருக்காரு, எங்கிட்ட சொல்லாம. அண்ணிகிட்டச் சொன்னேன். ஆம்பள பூட்ட மாத்துனா காரணம் இல்லாம மாத்த மாட்டான்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம ஆனா பிரிக்பீல்ட்ஸ்னு கெளம்பிடுவாரு. நீங்க கூட இருந்தவரு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க அண்ணே, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சிக்கிட்டா போதும்."

அவளுக்குக் கிடைக்காமல் போனது குரல் மட்டும்தான் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவளிடமிருந்து ஆளையே பறித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே "அவளுக்கு இந்தச் சட்னி புடிக்கும்" என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனவனை, அவன் வாயைத் திறக்க முடியாத காலத்தில், நான் சந்தேகத்தில் நிறுத்திவிட்டேன்.

"அவன் மாத்தல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்ன அஞ்சு சொல்லும் சரி மா. சனிக்கெழம அடிச்சேன், ஒடனே தொறந்துச்சு. உள்ள எல்லாம் இருந்துச்சு. மறுநாள் காலைல என் போனுன்னு நெனச்சு அவன் போன அழிச்சிட்டேன். மூடிய மாத்திப் போட்டுட்டேன். உன் மூஞ்சப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல. அதான் பூட்டு மேல பழியப் போட்டேன்."

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

"அதே சொல்லுக்கா?"

"அதே சொல்லுக்கு. ஒரு எழுத்து மாறல."

அவள் எழுந்து போய்ப் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. படத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மருத்துவமனையில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குள் போனேன். அவன் நின்று பேசிய இடம். குவளை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது அழுகை அடங்கியிருந்தது. தண்ணீரை வாங்கவில்லை.

"தெரியாம அழிச்சிட்டீங்க, சரி," என்றாள். "பயந்துட்டீங்க, அதுவும் சரி. ஆனா ரெண்டு மாசமா தெனமும் இந்தப் படத்து முன்னாடி நின்னு, யாரு அவ, யாரு அவன்னு கேட்டிருக்கேன் அண்ணே. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கேன். அந்த மனுசன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

நான் தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த விளக்கை நிமிர்த்தி, திரி தேட ஆரம்பித்தாள்.